வேப்பங்கொத்தோடு கப்பல் ஏறாதீர்கள்

1

ராஜபாளையத்தில் பஞ்சுக் கடை வைத்திருக்கும் என் மச்சினன் காசிம் போன கப்பலில் கடிதம் போட்டிருக்கிறான். புதுமாப்பிள்ளை. பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறி, பினாங்கைச் சுற்றிப் பார்த்து, கொஞ்ச நாள் எங்களோடு இருந்துவிட்டுத் திரும்ப வேண்டுமாம். பிழைப்புக்காக அல்ல, சும்மா. "எல்லாரும் வேலைக்குத்தான் கப்பல் ஏறுதாக. நாங்க வேடிக்கை பாக்க ஏறுனா என்ன மச்சான்? என்னென்ன கொண்டாரணும், எதெது கூடாதுன்னு வெவரமா எழுதுங்க" என்று கேட்டிருக்கிறான்.

நான் வந்த காலத்தில் எவனாவது இப்படிக் கேட்டிருந்தால் குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ கொண்டுபோய்க் கட்டிப் போட்டிருப்பார்கள். கடல் தாண்டினவன் திரும்ப மாட்டான் என்று வீட்டில் ஒப்பாரி வைத்த காலம் அது. இப்போது எங்கள் ஜவுளிக்கடைக்கு வருகிற ஊர்க்காரர்கள் பலரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதனால் காசிமுக்கு மட்டும் எழுதாமல், வர நினைக்கிற எல்லாருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எழுத உட்கார்ந்ததும் நல்ல சமயம்தான். என் மகன் பஷீர் பிறந்த வாரம் இது. வருஷா வருஷம் இந்த வாரத்தில் எதிரே இருக்கிற தீவிலிருந்து ஒரு படகு எங்கள் வீட்டைத் தேடி வரும். அதில் வருகிற சிறுமியின் பெயர் கோதை. பினாங்கில் ஜவுளி விற்கும் ராவுத்தன் வீட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பிள்ளைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அதுவும் கப்பல் யோசனைகளில் அடங்கியதுதான். முறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

2

முதலில் காலம். ஐப்பசி, கார்த்திகையில் கப்பல் ஏறாதீர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏணி பிடித்து ஏற வேண்டும். அந்த மாதங்களில் படகு ஒரு பக்கம் போகும், ஏணி ஒரு பக்கம் போகும், நம் உயிர் நடுவில் நிற்கும். மாசி, பங்குனி உத்தமம். கடல் தாம்பாளத்தில் ஊற்றின தண்ணீர் மாதிரி கிடக்கும்.

வில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டி விருதுபட்டிக்கு வந்து ரயில் ஏறுங்கள். நாகப்பட்டினத்துக்குக் கப்பலன்று வந்து சேரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கப்பல் தன் இஷ்டத்துக்கு வரும். முன்னதாகவே வந்து தங்கி, அம்மை குத்திக்கொண்டதற்கான சீட்டு, டிக்கெட்டு எல்லாவற்றையும் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வைத்தால் பெட்டி கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடும், நீங்கள் மேலே நின்று முழிப்பீர்கள்.

சாப்பாடு பெரிய விஷயம். டெக்கில் வருகிறவர்களுக்குக் கப்பல் பண்டாரி சோறு போடுவார். அவர் நல்லவர்தான், அவர் வைக்கிற குழம்புதான் நமக்கு ஆகாது. அவல், பொரிமாவு, கருப்பட்டி, சுக்கு, எலுமிச்சங்காய் ஊறுகாய் போதும். குமட்டுகிறபோது ஊறுகாய்த் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டையே பாருங்கள். கருவாடு கொண்டுவராதீர்கள். உங்களுக்கு வாசனை, பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வாந்தி.

தொழுகிறவர்களுக்கு ஒன்று. கப்பல் கிழக்கே வருகிறது. தொழும் திசையான கிப்லா முதுகுப் பக்கம், புகைபோக்கி தாண்டிப் பின்னால். சந்தேகம் வந்தால் கப்பல் வேலைக்காரர்களான லஸ்கர்களைக் கேளுங்கள். அவர்களில் தொழாதவன்கூடத் திசையைச் சரியாகச் சொல்லுவான்.

3

இனி டெக்கில் இடம் பிடிக்கிற விஷயம். இதில்தான் என் மதினி மைமூன் வருகிறாள்.

மைமூன் என் மனைவி பாத்துமாவின் அக்கா. காசிமுக்கும் அக்காதான். தாய் சின்ன வயதிலேயே போய்விட, தங்கையையும் தம்பியையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வளர்த்தவள். கல்யாணமாகிச் சில வருஷத்தில் கணவரை இழந்தவள். வில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவள் இருந்த தெருவில் எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பாத்துமாவுக்கு முதல் பிள்ளை இங்கேதான் பிறந்தது. வந்த புதிது, பக்கத்தில் நம் பெண்கள் யாரும் இல்லை. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவே வெகுகாலம் ஆயிற்று. மறுபடி உண்டானபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எங்க அக்கா வரணும். அவ கை பட்டாத்தான் இந்தப் பிள்ளை தங்கும்." எழுதிப் போட்டேன். ஆடி மாதத்தில் யாரும் கப்பல் ஏற மாட்டார்கள். மைமூன் ஏறினாள், பிள்ளை பங்குனி வரை காத்திருக்காதே.

டெக்கைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கூட்டம் தெரியும். பாய் விரித்த இடம்தான் நம் வீடு. நாம் ஒருக்களித்துப் படுத்தால் அடுத்தவர் கால் நம் வீட்டுக்குள் வந்துவிடும். மைமூன் தலையை முக்காடிட்டு, முழுக்கை ரவிக்கையோடு நிற்கிற ஆள். கூட ஒரு ஆண்துணை இல்லை. வந்தவன் போனவன் எல்லாம் உரசிக்கொண்டு போனால் பொறுப்பாளா? நாகப்பட்டினத்தில் தங்கியிருந்த வீட்டு வாசலில் பழுத்துக் குலுங்கின வேப்பமரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்து மூட்டையில் வைத்திருந்தாள், பூச்சிக்கு ஆகும் என்று. அதை எடுத்துத் தன் பாய்க்கு நேர் மேலே, டெக்கின் படுதாக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.

அவ்வளவுதான். வேப்பங்கொத்து தொங்குகிற இடத்தில் அம்மை இறங்கியிருக்கிறது என்பது நம் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அந்த வாசலை மிதிக்க மாட்டான். கூட்டம் மரியாதையாக விலகியது. யாருமே வாய்திறந்து கேட்கவில்லை, கேட்பதுதான் நம் வழக்கம் இல்லையே. கப்பல் முழுக்க ஆட்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மைமூன் மட்டும் காலை நீட்டிப் படுத்து வந்தாள்.

இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். "காசு குடுத்து மேல்தட்டுல வந்தவியளுக்குக்கூட அம்புட்டு எடம் கெடச்சிருக்காது மாப்ள!"

4

பினாங்குத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நிறுத்தி டாக்டர் ஏறிப் பார்ப்பார். வெள்ளைக்கார டாக்டருக்கு வேப்பிலையும் கீரையும் ஒன்றுதான். ஆனால் அவரோடு வந்த உதவியாள் தமிழன். அண்ணாந்து பார்த்தான், இரண்டடி பின்னால் போனான், டாக்டர் காதில் எதையோ சொன்னான்.

"கையைக் காட்டச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். அம்மை குத்தின தழும்பைப் பார்க்கத்தான். அன்னிய ஆணுக்கு முன்னால் ரவிக்கைக் கையை ஏற்றுவதா? மைமூன் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். டெக்கில் முதல் நாளே மூட்டையெல்லாம் நனைந்ததில் சீட்டும் கூழாகிப்போயிருந்தது. மறைக்கிறாள் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். அவளையும் அக்கம்பக்கத்துப் பாய்க்காரர்களையும் வேறு படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கொரண்டீன் என்பார்கள். நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்களைத் தனியே வைத்துப் பார்க்கிற இடம். படகு போகிற வழியெல்லாம் அந்தப் பாய்க்காரர்கள் அவளைத் திட்டின திட்டை அவள் எனக்குச் சொன்னதில்லை. "நல்லாத்தான் பேசுனாக" என்று மட்டும் சொல்வாள்.

நான் துறைமுகத்தில் நிற்கிறேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மதினியைக் காணவில்லை.

ஆபீசுக்கு ஓடினேன். முதல் ஜன்னலில் இரண்டாவது ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவதில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும், "ஆள் நோயாளியா, நோயாளியோடு இருந்தவரா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். எழுத அந்த இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன என்றார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது, பொறுமையாகத்தான் பேசினார். உடம்பில் இல்லாத அம்மை காகிதத்தில் ஏறிவிட்டது. காகிதத்தில் ஏறினதை இறக்க உலகத்தில் எந்தப் பரிகாரியாலும் முடியாது.

வீட்டுக்குப் போய் பாத்துமாவிடம் என்ன சொல்ல? கப்பல் தாமதம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அதே கப்பல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர் எறங்கி வந்துட்டாரு. என்கிட்ட மறைக்காதிய. அக்கா எங்க?"

சொன்னேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

5

மறுநாள் ஒரு சம்பான் படகு பிடித்துத் தீவுக்குப் போனேன். இறங்க விடவில்லை. கரையோரமாக வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மைமூன். நடுவில் தண்ணீர். ஒரு ஊர்ச் சந்தையில் பேசுகிற மாதிரிக் கத்திக் கத்திப் பேசினோம்.

"மாப்ள! அவளுக்கு வலி கண்டுருச்சா?"

"இன்னும் இல்ல மதினி!"

"என்னய எப்பம் விடுவாகளாம்?"

"கெடு முடியணுமாம்!"

பிறகு வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தங்கைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் என்னிடம் கத்தினாள். என்ன கஷாயம், எப்போது நடக்க விட வேண்டும், எப்போது கூடாது, பிள்ளை அழாவிட்டால் என்ன செய்ய வேண்டும். ஒரு ஆம்பிளையிடம் சொல்லக் கூடாதது எல்லாம் அதில் இருந்தது. சம்பான்காரச் சீனன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான், அவனுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும்.

அந்தச் சத்தம்தான் வேலிக்குள் இருந்த ஒருவரை வெளியே வரவைத்தது. கொரண்டீன் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் நாராயணன்.

"யாரும்மா அது, எங்க ஊருப் பேச்சுப் பேசுதது? எந்த ஊரு நீங்க?"

"வில்லிபுத்தூர். மடவார் வளாகம்."

அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு வில்லிபுத்தூர் மாட வீதி. ஆண்டாள் கோயிலுக்குப் பூக்கட்டுகிற குடும்பம். அவர் சம்சாரம் செங்கமலம் நிறைமாதமாக அந்தத் தீவில் இருந்தாள். பேச்சுத் துணைக்குக்கூட ஒரு பெண் கிடையாது. கம்பவுண்டர் போய் அவளைக் கூட்டி வந்தார். அவள்தான் மைமூனை மறைவுக்குள் அழைத்துப் போய் ரவிக்கைக் கையை ஏற்றிப் பார்த்தாள். தழும்பு தெளிவாக இருந்தது. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. கம்பவுண்டர் தீவு டாக்டரிடம் போய்ச் சொன்னார். தீவு டாக்டர் நல்லவர், நம்பினார். ஆனால் கப்பலில் ஏறிப் பார்த்த டாக்டர் எழுதினதை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை, கெடு முடியும்வரை இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேப்பங்கொத்தை மட்டும் எரிக்க உத்தரவு போட்டார். அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது.

நான் திரும்பி வந்து தெருவுக்குள் நுழையும்போதே பாத்துமாவின் சத்தம் கேட்டது.

6

எங்கள் சந்தில் சே மீனா என்று ஒரு மலாய்ப் பெண்மணி இருந்தார். பிள்ளைப்பேறு பார்க்கிறவர். வெற்றிலைக் கறை படிந்த பல்லும் பெரிய கையுமாக இருப்பார். முதல் பிள்ளைக்கு நான் அவரைக் கூப்பிடவில்லை, அப்போது அவரைத் தெரியாது. இந்தத் தடவை நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் பேசுவது பாத்துமாவுக்குப் பாதி புரியாது, பாத்துமா கத்துவது அவருக்கு முழுக்கப் புரிந்தது. மைமூன் வேலியிலிருந்து கத்தினதையெல்லாம் எனக்குத் தெரிந்த மலாயில் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வந்தது. "இதெல்லாம் எனக்குத் தெரியும், நீ போய் வெந்நீர் வை" என்று அதற்கு அர்த்தம்.

பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் பஷீர் பிறந்தான். பிறந்தவன் அழவில்லை. நான் கதவுக்கு வெளியே வெந்நீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் அழுத அழுகையை நான் எங்கே போனாலும் மறக்க மாட்டேன். அல்லாவுக்கு நன்றி சொல்லி அங்கேயே, அடுப்படியில் கரியோடு கரியாகத் தரையில் நெற்றியை வைத்தேன்.

அதே வாரம் தீவில் செங்கமலத்துக்கு வலி கண்டது. டாக்டர் கரைக்குப் போயிருந்தார், கடல் கொந்தளிப்பில் படகு வரவில்லை. கம்பவுண்டர் மைமூன் இருந்த கொட்டகை வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுக்குள்ள வரணும்மா" என்று மட்டும் சொன்னாராம். சாதி, மதம், அம்மைக் காகிதம் எதையும் யாரும் பேசவில்லை. கோதை மைமூனின் கையில்தான் பிறந்தாள்.

கெடு முடிந்து மைமூன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"உனக்குன்னு கடல் தாண்டி வந்தேன் ஏட்டி," என்றாள், "ஊரான் வீட்டுப் பேறு பாத்துட்டு வந்து நிக்கேன். வேப்பங்கொத்தக் கட்டி என் வாயில நானே மண்ணப் போட்டுக்கிட்டேன்."

பாத்துமா பாயில் இருந்தபடியே சிரித்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. "எனக்குப் பாத்தவுகளும் அவுக வீட்டு வேலையப் போட்டுட்டு வந்தவுகதான். உள்ள வாக்கா. நீ வளத்தவதான நானு, ஒன்னயப் போல நானும் வளத்துருவேன்னு நம்பித்தான் பிள்ளையும் தங்கிட்டான்."

சே மீனா எழுந்து பிள்ளையை மைமூனின் கையில் கொடுத்தார். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாத அந்த இரண்டு பெண்களும் பிள்ளையின் கொப்பூழைக் காட்டிக் காட்டி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

7

திரும்பிப் போகிற பயணத்தைப் பற்றியும் எழுத வேண்டும். மூன்று மாதம் இருப்பதாகச் சொல்லி வந்த மைமூன் இன்னும் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் கட்டுவாள். யாராவது ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கியிருக்கும், பெட்டியைப் பிரித்துவிடுவாள். ஆகவே திரும்புகிற டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பஷீர் மலாயும் தமிழும் கலந்து பேசுகிறான். நேற்று ஊரைப் பற்றிக் கேட்டான். "அத்தா, வில்லிபுத்தூர்ல கடல் எந்தப் பக்கம்?"

"கடல் கிடையாதுடா. மேற்கே மலை. கோபுரம் இருக்கு."

"கடல் இல்லாட்டா கப்பல் எப்படி வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு உலகம் கப்பல் வந்து நிற்கிற இடங்களாகத்தான் தெரிகிறது. மைமூன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலையில் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு ஜனங்கள் ஏறுகிறதை, படகில் வந்திருந்த கோதையும் கேட்கிற மாதிரி, ஒரு பெருமாள் பக்தை தோற்றுப்போகிற அளவுக்கு விவரித்தாள். செங்கமலம் சொல்லிக் கேட்டதாம். இரண்டு பிள்ளைகளும் வாய் பிளந்து கேட்டன. எந்த ஊர்ப் பிள்ளைகளாகப் போனாலும் போகட்டும், கேட்கிற காதாவது இருக்கிறதே என்று எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

காசிம், இனி உனக்கு. வேப்பங்கொத்து கொண்டுவராதே. கயிறு கொண்டு வா, உன் பாயைச் சுற்றிக் கட்டு, பெண்சாதியை நடுவில் படுக்க வை. அம்மைச் சீட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி வை. இத்தனையும் செய்தும் உன்னைக் கொரண்டீனில் போட்டால் பயப்படாதே.

அங்கே கிணற்றடியில் ஒரு வேப்பமரம் நிற்கும். டாக்டர் கொத்தை எரிக்கச் சொன்னபோது, உதிர்ந்த பழங்கள் உன் அக்காவின் முந்தியில் தங்கியிருந்தன. ஊர் வாசனை கண்ட செங்கமலம் ஆசைப்பட்டு ஒரு பிடியை வாயில் போட்டுவிட்டாளாம். "மாசமா இருக்கவ வேப்பம்பழமா திங்க? துப்புட்டி!" என்று உன் அக்கா முதுகில் ஒரு அறை வைத்தாள். துப்பின இடத்தில் முளைத்தது அது. இப்போது நல்ல நிழல். கப்பலில் வந்து பயந்து கிடக்கிறவர்கள் எல்லாரும் அதன் அடியில்தான் உட்காருகிறார்கள்.

நீயும் போய் உட்கார். செங்கமலம் தண்ணீர் எடுக்க வருவாள், எந்த ஊர் என்று கேட்பாள். மைமூன் தம்பி என்று மட்டும் சொல். உன் பெண்சாதிக்கும் உனக்கும் சோறு வந்துவிடும்.